துடைத்த வீடு

முதலில் ஜன்னல் விளிம்பு, பிறகு மேசை, பிறகு மகள் ஐவி பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் நாற்காலியின் கால்கள், துணியை அலசு, பிழி, தண்ணீரை மாற்று, பெருக்கக் கூடாது, பெருக்கினால் தூசி எழும், ஈரத்துணிதான்… டெக்லன் தினமும் காலையில் இதைச் செய்கிறான், மனைவி மெர்ரின் செய்த வரிசையிலேயே. துணியில் சாம்பல் நிறக் கோடு. நேற்றும் துடைத்த இடம்தான். ஈயம் உருக்கும் ஆலையின் புகைபோக்கி சமையலறையிலிருந்தே தெரியும், காற்று எந்தப் பக்கம் என்று அதைப் பார்த்தால் போதும், இன்று வீட்டுப் பக்கம். ஐவியின் கையைக் கழுவினான், வாழைப்பழம் கொடுத்தான், மறுபடி கழுவினான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வயது, இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. குறைமாதப் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும் என்கிறார்கள்… தெரிந்து சொல்கிறார்களா, இல்லை தாயில்லாப் பிள்ளையின் அப்பனிடம் வேறு என்ன சொல்வது என்று சொல்கிறார்களா? இன்று சுகாதார நிலையத்தில் அவள் விரலைக் குத்தி இரத்தம் எடுப்பார்கள். அதில் ஈயம் எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடும். சட்டை மாட்டும்போது ஐவி கையை நீட்டினாள், சரியான கையை. அதைக்கூட அவன் மனத்தில் குறித்துக்கொண்டான்.

காரில் போகும்போது அந்த வாளி ஞாபகம் வந்தது. மற்ற ஊர்களில் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று தெரிந்தால் என்ன கொடுப்பார்கள், பூவா, சத்து மாத்திரையா, இங்கே சுகாதார நிலையத்தில் வாளி கொடுத்தார்கள், பச்சை நிறம், உள்ளே துணிகள், ஒரு புத்தகம், அட்டையில் ஒரு கர்ப்பிணி சிரித்துக்கொண்டே தரையைத் துடைக்கிறாள். எனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறதா, இல்லை வேலையில் சேர்த்துக்கொண்டார்களா என்று மெர்ரின் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, வயிற்றைத் தாங்கிக்கொண்டு முட்டி போட்டுத் துடைத்தாள், திரைச்சீலைகளைக் கழற்றி எறிந்தாள், நாயை வேறு வீட்டுக்குக் கொடுத்தாள். அவளுடைய அப்பா க்ளெம், ஆலையின் உலையடியில் ஆயுளைக் கழித்தவர், வாசலில் நின்று, “மாப்ள, உங்க வீட்ல தட்டே வேணாம் போல, தரையிலயே போட்டுச் சாப்பிடலாம்” என்றார். டெக்லன் வேற்றூர்க்காரன், இங்கே பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்க வந்தவன், அடிலெய்டில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விடலாமே என்று கேட்டுப் பார்த்தான். அவள் போகவில்லை. ஆலைச் சுவருக்கு எதிர்த் தெருவில் பிறந்தவள், அந்தச் சுவரோரம் மண்ணில் விளையாடி வளர்ந்தவள், இந்த ஊரை விட்டு ஓடினால் அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றாள். அப்புறம் இரத்த அழுத்தம் ஏறியது, இறங்கவே இல்லை, ஐவியை இரண்டு மாதம் முன்னதாகவே எடுக்கவேண்டி வந்தது, ஐவி மட்டும் பிழைத்தாள்…

ரோண்டா ஐவியின் விரலைக் குத்தினாள், ஐவி அழுதாள், சத்தமாக, அழும்போது மட்டும் மற்ற பிள்ளைகளைப் போலவே. ரோண்டா மெர்ரினோடு ஒரே வகுப்பில் படித்தவள், இப்போது இங்கே நர்ஸ். கருவியைப் பார்த்தாள், முகம் மாறவில்லை, பழகிய முகம். எல்லைக்கு மேலேதான் இருக்கிறது என்றாள். உடனே கேள்விகள். தினமும் துடைக்கிறீர்களா, ஈரத்துணிதானே, வெளியே போட்ட சட்டையைத் தனியாகத் துவைக்கிறீர்களா, ஜன்னல்… எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றான், தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் குரலில். ஏன் அந்தக் குரல்? புகைபோக்கி யாருடையது? அதை யாராவது துடைத்தார்களா என்று யாராவது கேட்டார்களா? ரோண்டா எழுந்து அலமாரியைத் திறந்தாள். உள்ளே பச்சை வாளிகள், ஒன்றுக்குள் ஒன்றாக, மேல்தட்டு வரை. அவள் ஒன்றை உருவும்போதுதான் அவன் பேசினான், மெதுவாகத்தான் பேசினான். “பொறந்தன்னிக்கு தொப்புள்கொடி ரத்தத்துலயே இருந்துச்சே. அதுக்குள்ள இவ எந்தத் தரையைத் தொட்டா?”

ரோண்டா வாளியைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்தினாள். சின்ன வயதில் உடம்புக்குள் போன ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்துவிடும், சுண்ணாம்புச் சத்து மாதிரி நடித்துக்கொண்டு பல வருஷம் அங்கேயே கிடக்கும் என்றாள். வயிற்றில் பிள்ளை வளரும்போது அதற்கு எலும்பு கட்ட வேண்டும், தாயின் எலும்பு கரைந்து கொடுக்கும், சுண்ணாம்போடு அதுவும் சேர்ந்து போகும். தாயின் இரத்த அழுத்தத்தையும் அது ஏற்றிவிடலாம், மெர்ரினுக்கு அதுதான் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது என்றாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். வேதியியல் படித்தவன், கால்சியமும் ஈயமும் உடம்பை எப்படி ஏமாற்றும் என்று பலகையில் எழுதிப் போட்டவன், தன் வீட்டில் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வாளியில் வந்த புத்தகத்தில் இது இல்லையே என்றான். இல்லை என்றாள். பயந்துவிடுவார்கள் என்று போடவில்லை. பயப்படட்டுமே! யார் பயப்படக் கூடாது என்று யார் முடிவு செய்தது? ஒரு பெண்ணின் எலும்புக்குள் சுமையை வைத்துவிட்டு, கையில் துணியைக் கொடுத்து, துடை, நன்றாகத் துடை, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீ சரியாகத் துடைக்கவில்லை… “மெர்ரினுக்குத் தெரியும்” என்றாள் ரோண்டா, அவனைப் பார்க்காமல். “கடைசி வாரம் வந்து கேட்டா. நான் சொல்லிட்டேன்.”

வாளியை எடுக்காமல் ஐவியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். கார்க் கதவைத் திறக்காமல் நின்றான். தெரிந்து ஒரு வாரம்… தெரிந்த பிறகும் துடைத்தாள், அவன் பார்த்தானே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில்கூடத் துடைத்தாள். யாருக்காக? க்ளெமுக்காகவா, அவனுக்காகவா, துடைக்கும் சத்தம் வயிற்றில் இருந்தவளுக்குக் கேட்கட்டும் என்றா? ஐவி அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள், கவனமாக, விடாமல். பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று சொல்லித்தான் மெர்ரின் கண்ணை மூடினாள் என்று க்ளெம் சவ அடக்கத்தில் எல்லோரிடமும் சொன்னார், அவர் அப்போது அறையிலேயே இல்லை, டெக்லனும் மறுக்கவில்லை, கிழவருக்கு ஏதாவது வேண்டுமே என்று விட்டுவிட்டான். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள், இரத்த அழுத்தத்தைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து அவன் டாக்டரைத் திரும்பிப் பார்த்தான், அதற்குள் கதவு மூடிவிட்டது, அவள் கேட்டது ஈயத்தைப் பற்றி என்று இப்போதுதான் புரிந்தது, அவன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி:

“நானும் இந்த ஊர்லதானே வளந்தேன், டெக். நான் நல்லாத்தானே இருக்கேன்?”