குடைக்குள் நாலு பல்பு

தெருவில் அவனுக்குப் பட்டப்பெயர் பாஸ்போர்ட். "நேரா பாருங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லியே பதினைந்து வருடமாக ஊரார் முகங்களைத் தன் ஸ்டுடியோவில் தட்டையாகப் படம் எடுத்துத் தள்ளுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? கூடப் பிறந்த அக்காவே அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்த அக்காவுக்குத் தாடையில் புற்று. மறுநாள் காலை இடப்பக்கத் தாடையை எடுத்துவிடுவதாக இருந்தது. அன்று சாயங்காலம் நாலு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

"டேய் பாஸ்போர்ட், இந்த மூஞ்சி இருக்கும்போதே ஒரு நல்ல படம் எடுத்துக் குடு. உன் கடை வெளிச்சம் மட்டும் வேண்டாம்டா. அதுல போலீஸ் தேடுற ஆள் மாதிரி இருப்பேன்."

அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காலையிலேயே அவள் வீட்டுக் கூடத்தில் கடை விரித்துவிட்டான். கறுப்புக் குடையின் உள்பக்கம் முழுக்க அலுமினியத் தாளை ஒட்டி, அதைத் துடைப்பக் கட்டையில் கட்டி நிறுத்தினான். ஒரு பலகையில் நாலு பல்பு பொருத்திக் குடைக்குள் திருப்பினான். வெளிச்சம் மென்மையாக வடிந்து வர, முன்னால் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டான்.

"என்னடா இது, வௌவாலுக்குக் கல்யாணமா?" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எடுத்தான். மூக்கின் நிழல் உதட்டில் விழுந்திருந்தது.

"சும்மா டெஸ்ட்டுதான்க்கா" என்று அழித்தான்.

டெஸ்ட் படத்தைக் கையோடு அழித்துவிடுவது அவன் கடைப் பழக்கம். இல்லாவிட்டால் ஒருவர் விண்ணப்பத்தில் இன்னொருவர் முகம் போய் ஒட்டிக்கொள்ளும். குடையை உயர்த்தினான், விரிப்பை இழுத்தான், இன்னொன்று எடுத்தான். அவள் கண்ணை உருட்டிப் பழிப்புக் காட்டினாள். அழித்தான். கன்னத்தில் கை வைத்துச் சினிமாக்காரி போலச் சாய்ந்து, தாங்க முடியாமல் தானே சிரித்தாள். அதில் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். நாலு பல்பில் இரண்டு வேறு நிறம். பாவி, அதையும் அழித்தான்!

ஒரே நிற பல்பு தேடி நாலு கடை ஏறி இறங்கித் திரும்பியபோது மணி மூன்றேகால். அக்கா புருஷன் பையோடு வாசலில் நின்றார்.

"போதும்ப்பா, கிளம்பணும்."

"ஒரே ஒரு நிமிஷம் மாமா."

வெளிச்சம் இப்போதுதான் அமைந்தது. கன்னம் கனிந்திருந்தது. கண்ணுக்குள் சின்னதாக ஒரு ஒளிப்புள்ளி. அவன் பிறந்ததிலிருந்து இப்படியொரு வெளிச்சத்தைச் செய்ததில்லை.

"சிரி, அக்கா."

"சிரிச்சுட்டுதான்டா இருக்கேன்" என்றாள். உதடு மட்டும் இழுபட்டது. பார்வை கடிகாரத்தில் இருந்தது. ஒன்றுதான் எடுக்க முடிந்தது.

ஆபரேஷன் முடிந்து நாலு நாள் கழித்துத்தான் அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தான். வெளிச்சம் அழகாக இருந்தது, சிரிப்பைத்தான் காணோம். அழித்ததை மீட்டுத் தருகிற கடைக்கு ஓடினான். அவள் சிரித்த இடத்தில், இடையில் அதே மெமரி கார்டில் எடுத்த வாடிக்கையாளர்கள் முப்பது பேர் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் இருந்த ஒன்றையே அச்சிட்டு எடுத்துப் போனான். கட்டுப் போட்ட முகத்தோடு அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு நோட்டை இழுத்து எழுதினாள்.

'அன்னிக்கு அவ்வளவு சிரிச்சேனே, அது எங்கடா?'

"அது... டெஸ்ட்டுதான்க்கா" என்றான்.