கீலுக்கு எண்ணெய்

"வந்துட்டேன்" என்றார் ஃபோர்மேன். செருப்பைக் கழற்றிவிட்டு, "செருப்பு கதவுக்கு இடப்பக்கம்" என்றார். தோள்பையை இறக்கி, "பை நாற்காலி மேல" என்றார். கதவைச் சாத்தி, "கதவு சாத்தியாச்சு" என்றார். எல்லாம் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி ஒரு கரகரத்த குரலில். வழக்கமாக இந்நேரத்துக்கு உள்ளேயிருந்து, "அடுத்த ரயில் எப்போன்னும் சொல்லிடுங்க" என்று ஒரு கிண்டல் வந்து விழும். இன்றைக்கு வரவில்லை. அவர் மனைவி டெலிபோன் மேசைக்குப் பக்கத்தில், இரண்டு கைகளையும் மடியில் கோத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இது நல்லதுக்கில்லை என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

அவளுக்கு முதலில் ஒரு கண் போனது, பிறகு இன்னொன்றும் போனது. அது பழைய கதை. அப்போதிருந்து இந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. எதை நகர்த்தினாலும் வாயால் சொல்ல வேண்டும். கதவு என்றால் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுக்கச் சாத்தியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவு மாதிரி ஒரு எதிரி அவளுக்கு இந்த உலகத்தில் கிடையாது. ஆரம்ப நாட்களில் அப்படி ஒரு கதவின் விளிம்பில் மோதிக்கொண்டதன் தையல் தழும்பு இன்னமும் புருவத்துக்கு மேலே இருக்கிறது. அன்றைக்கு வாய் திறந்த மனிதர்தான், அதற்கப்புறம் மூடவே இல்லை. அவளும் சும்மா இருக்கிறவள் அல்ல. டாக்ஸி ஸ்டாண்டுக்கு வரும் அழைப்புகளை வீட்டிலிருந்தபடியே எடுத்துப் பேசுகிறாள். "ஹலோ" என்ற ஒரு சொல்லில் ஆளைப் பிடித்துவிடுவாள். ஜலதோஷம் பிடித்திருந்தால் அதையும் சேர்த்துப் பிடித்துவிடுவாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு" என்றாள்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"நர்ஸு பேசினா. ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டாராமே, நிச்சயந்தானான்னு கேட்டா. வெள்ளிக்கிழமைக்குள்ள சொன்னா இடம் இருக்காம். இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். 'கேட்டுச் சொல்றேம்மா'ன்னு வெச்சுட்டேன், டாக்ஸி கேட்டவங்களுக்குச் சொல்ற மாதிரி."

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"மாத்திரையே போதும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்கன்னு சொன்னீங்களே, அதைச் சொல்லும்போதா?"

டாக்டரம்மா சொன்னது வேறு. அந்தம்மா ஒரு காகிதத்தில் தொண்டையை வரைந்து காட்டினாள். நல்ல கை, கோடு ஆடவில்லை. ரேடியேஷன் கொடுத்தும் கட்டி திரும்ப வந்துவிட்டது. இனி குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், அதற்கப்புறம் மூச்சு அந்த வழியாகத்தான். பேச்சு இருக்காது. கருவி வைத்துப் பேசப் பழகிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இவருடைய தொண்டை ஏற்கனவே வெந்துபோன தொண்டை, வரும் என்று உறுதி சொல்ல முடியாது. எடுக்காவிட்டால் என்று இவர் கேட்டார். "கட்டி வளரும், மூச்சை அடைக்கும். ஒரு வருஷம் தாண்டறது கஷ்டம்" என்றாள், கண்ணைப் பார்த்து. அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்றார். பட்டறையில் ஒடுங்கிப்போன மூடியை ஒதுக்கி வைப்பது போல அவ்வளவு சுலபமாக வந்தது அந்தச் சொல்.

பட்டறையில் விஷயம் தெரிந்தவன், எல்லோரும் ஒல்லி என்று கூப்பிடும் வெல்டர் மட்டும்தான். தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் பிரஸ் மெஷின்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. காலையில் ஸ்விட்சு போட்டால் சாயங்காலம் வரை மனிதக் குரல் அங்கே செல்லாக்காசு. எல்லாம் கைதான். நிறுத்து, தகடு மாற்று, ஓனர் வருகிறார், டீ வந்துவிட்டது, நேற்று குடித்தாயா, எல்லாவற்றுக்கும் ஒரு சைகை உண்டு, கெட்ட வார்த்தைகளுக்கு ரகம் ரகமாக உண்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறவனுக்குச் சைகை தெரியாதே, அவன் முதுகில் எண்ணெய் துடைக்கிற வேஸ்ட் துணியை உருண்டையாகச் சுருட்டி எறிவார்கள். இந்தப் பாஷையில் ஃபோர்மேனை மிஞ்ச ஆள் கிடையாது. ஒல்லி அதைத்தான் சொன்னான். "அண்ணே, உங்களுக்கெல்லாம் குரல் எதுக்கு? உள்ள அதைக் கேட்டவன் எவன் இருக்கான்?" ஆறுதலுக்குச் சொன்னான், பாவம். இவரும் சிரித்து வைத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே வந்தார். பட்டறையில் பத்து ஆளை மேய்க்கிற கைகள், வீட்டுக்குள் காலை வைத்ததும் ஊமை.

"எனக்காகவா வேண்டாம்னு சொன்னீங்க?" என்று கேட்டாள் மனைவி.

அவர் சாத்தியிருந்த கதவின் தாழ்ப்பாளைத் திரும்பவும் இழுத்துப் பார்த்தார்.

"அந்தப் பாவத்தை என் தலையில கட்டாதீங்க. நாளைக்கு யாராவது கேட்டா, கண்ணு தெரியாதவளுக்காக உசுரை விட்டாருன்னு சொல்வாங்க. எனக்கு அது வேண்டவே வேண்டாம்."

ராத்திரி மகளிடமிருந்து போன் வந்தது. கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அம்மா மறைக்காமல் சொல்லிவிட்டாள். மகள் அழுதாள், திட்டினாள், பிறகு யோசனை சொன்னாள்: "அப்பாவைப் பேசச் சொல்லி செல்போன்ல பதிஞ்சு வைம்மா. வேணுங்கிறப்போ கேட்டுக்கலாம்."

"பதிஞ்சு வெச்ச குரல் அலமாரி திறந்திருக்குன்னு சொல்லுமாடி?" என்று கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தாள். வைத்தவள் அவர் இருந்த பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு லீவு போடுங்க. காலையில இருந்து நீங்க வாயே திறக்கக் கூடாது. ஒரு பகல். முடியுதா இல்லையான்னு பார்த்துடலாம். பார்க்காமலே முடியாதுன்னு நீங்க எப்படி முடிவு பண்ணலாம்?"

மறுநாள் காலை நன்றாகத்தான் ஆரம்பித்தது. ஆமாம் என்றால் ஸ்பூனால் டம்ளரில் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு. தண்ணீர் வைத்தாயிற்றா, ஒரு தட்டு. குளித்தாயிற்றா, இரண்டு தட்டு. "பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு அப்புறம் இன்னைக்குத்தான் நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க குறுக்க பேசாம இருக்கீங்க" என்றாள். அவர் ஒரு தட்டு தட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவருடைய சிரிப்பில் மட்டும் சத்தம் இல்லை.

போகப்போகத்தான் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே மேகம் திரண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரன் மீசையை எடுத்துவிட்டு வேறு ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தான். மதில்மேல் பூனை ஒன்று தூக்கக் கலக்கத்தில் கீழே விழுந்து, விழாத மாதிரி நடந்து போனது. இதில் எதற்கும் ஸ்பூனில் தட்டு கிடையாது. ஆபத்தைச் சொல்லத்தான் தான் பேசிக்கொண்டிருப்பதாக அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார். ஆபத்துக்கு நாலு சொல் போதும். மிச்சமெல்லாம் இந்தப் பூனை மாதிரி ஒன்றுக்கும் உதவாத சமாச்சாரம். அதைச் சொல்ல முடியாமல் விழுங்கியபோது, கட்டி இருக்கிற இடத்துக்கும் கீழே, நெஞ்சுக்குள் வலித்தது. ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார்.

வாய்க்கு வேலை இல்லையென்றால் கைக்கு வேலை வேண்டும். அடுப்படிக்குப் போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார். சுவரில் பதித்த தகர அலமாரியின் கதவு எத்தனையோ காலமாகத் திறக்கும்போதெல்லாம் கிறீச்சென்று அலறும். உலோக வேலை செய்கிறவனுக்கு அந்தச் சத்தம் பல்லில் மணல் கடிபடுவது போல. ஒவ்வொரு தடவை எண்ணெய்க் கேனை எடுக்கும்போதும் அவள், "அப்புறம் பார்த்துக்கலாம், விடுங்க" என்று தடுத்துவிடுவாள். இன்றைக்குக் கேட்கவும் முடியாது, கேட்டால்தானே தடுப்பாள். கீலுக்கு எண்ணெய் விட்டார், கதவை முன்னும் பின்னும் ஆட்டினார், வழிந்ததைத் துணியால் துடைத்தார். சத்தமே இல்லாமல் ஆடியது கதவு. முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. எண்ணெய் ஊறட்டும் என்று கதவைப் பாதி திறந்தபடியே விட்டுவிட்டு, கேனைப் பின்பக்கத்தில் வைக்கப் போனார்.

திரும்பும்போது அவள் அடுப்படிக்குள் வந்துகொண்டிருந்தாள். இந்த அறையில் மட்டும் அவள் கையை நீட்டித் தடவி நடக்க மாட்டாள். இது அவளுடைய இடம், விறுவிறுவென்று நடப்பாள். அலமாரிக் கதவின் விளிம்பு சரியாக அவள் புருவ உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்பூன் கூடத்து மேசையில் கிடந்தது. அவர் பின்வாசலில் நின்றார். ஓடினாலும் எட்டாது.

"நில்லு."

தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்த அந்தச் சத்தம் மனிதக் குரல் மாதிரியே இல்லை. அவள் நின்றுவிட்டாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார், கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினார். அவள் மெதுவாகக் கையை உயர்த்தி எதிரே தடவினாள். விளிம்பு விரலில் பட்டது. நெற்றிக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நுழையும் இடம்தான் இருந்தது. கதவைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். திரும்பவும் ஆட்டினாள்.

"கீலுக்கு எண்ணெய் போட்டீங்களா?"

"ம்."

"நான் வேண்டாம்னு சொன்னது எதுக்குன்னு நினைச்சீங்க? அது திறந்திருக்குன்னு எனக்குச் சொல்றதே அந்தச் சத்தம்தான்."

அவள் நிறுத்தவில்லை. குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, அதை வைத்துத்தான் கதவு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வாள், அவர் வாஷரை மாற்றிவிட்டார். கூடத்தில் ஒரு டைல்ஸ் கடகடவென்று ஆடும், அதை மிதித்தால் இன்னும் ஓரடியில் மேசை. அதையும் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார். "ஒவ்வொண்ணும் முடிச்சுட்டு, எப்படி இருக்குன்னு கேப்பீங்க, அவ்வளவு சந்தோஷமா. எனக்குச் சொல்ல மனசு வரல. நீங்கதான் இருக்கீங்களே, சொல்லிடுவீங்களேன்னு விட்டுட்டேன்." கதவின் விளிம்பை விரலால் வருடினாள். "உங்க முகம் எனக்கு மறந்துட்டே வருதுங்க. உங்க குரலைத்தான் பார்த்துட்டு இருக்கேன். அது போறது எனக்கு லேசுன்னு நினைக்காதீங்க."

"அதான் சொல்றேன். இப்போ நான் கத்தலன்னா?"

"நெத்தி உடைஞ்சிருக்கும். தையல் போட்டுக்கலாம், ஏற்கனவே போட்டதுதானே. நீங்க போயிட்டீங்கன்னா, எந்தக் கதவு திறந்திருக்குன்னு எனக்கு எவன் வந்து சொல்லப் போறான்?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"இன்னொரு தடவை. அதே மாதிரி கதவைத் திறந்து வைங்க. நான் உள்ள போயிட்டு வரேன். நான் கை நீட்ட மாட்டேன், மெதுவா வர மாட்டேன். நீங்க வாய் திறந்தீங்கன்னா அதோட விட்டுடறேன், நாளைக்கு நர்ஸுகிட்ட நானே வேண்டாம்னு சொல்லிடறேன். வாய் திறக்காம என்னை நிறுத்திட்டீங்கன்னா, சரின்னு சொல்லிடுவேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். பிடிவாதத்தில் அவளை அசைக்க யாராலும் முடிந்ததில்லை.

அவர் கதவைத் திறந்து வைத்தார். மூட ஒரு தடவை கை போனது. அதை இழுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே காலடிச் சத்தம் கிளம்பியது. கூடத்தைக் கடந்தாள், நிலைப்படியைத் தாண்டினாள், கைகள் இரண்டும் பக்கவாட்டில், முகம் நேராக, சொன்னபடியே விறுவிறுவென்று வந்தாள். இடது கையால் தன் வாயை அழுத்தி மூடிக்கொண்டார். வலது கையில் எண்ணெய் துடைத்த துணி இருந்தது. அதை விரல்கள் சுருட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவேயில்லை. பட்டறையில் ஆயிரம் தடவை செய்தது போல மணிக்கட்டு தானாக வீசியது.

உருண்டை அவள் தோளில் பட்டு விழுந்தது. அவள் நின்றாள். கையைத் தூக்கி விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு குனிந்து தரையைத் துழாவி, துணியை எடுத்து முகர்ந்தாள்.

"எண்ணெய்த் துணியை என் மேல எறியறீங்களா?"

அவர் அலமாரியின் பக்கம் போய், தகரத்தில் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினார்.

"பட்டறையில இப்படித்தான் எறிவீங்களா?"

ஒரு தட்டு.

"நல்ல புடவை இது, போச்சு" என்றாள். உதட்டோரம் லேசாக நடுங்கியது, சிரிப்பா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. தட்டுச் சத்தம் வந்த பக்கமாகத் துணியை எறிந்தாள். அது அடுப்புக்குக் கீழே போய் விழுந்தது. "எடுத்துக்குங்க. இது கிட்டக்க இருந்து எறிஞ்சது, யார் வேணா எறிவாங்க. வாசக்கதவுகிட்டப் போய் நில்லுங்க."

அவள் திரும்பவும் உள்ளறைக்குப் போனாள், அவர் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் கூடம் முழுவதும் தாண்டி, அடுப்படி நிலைக்குள் அலமாரிக் கதவின் விளிம்பு ஒரு கோடு மாதிரி தெரிந்தது. அவள் அதை நெருங்கும்போது முதுகு மட்டும்தான் தெரியும். வெளியே மழை பிடித்துக்கொண்டது, ஓட்டுச் சரிவில் சடசடவென்று அடித்தது. அந்தச் சத்தத்தில் தட்டினாலும் கேட்காது.

துணியை இன்னும் இறுக்கமாகச் சுருட்டினார். கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் குறி பார்த்தார். உள்ளறையிலிருந்து அவள் வெளியே வந்து, அவர் பக்கம் ஒரு தடவை முகத்தைத் திருப்பிவிட்டு, முன்னைவிட வேகமாக அடுப்படியை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.