மூன்று இதழ் மிச்சம்

...மூன்று இதழ், வலது ஓரத்தில், ஹாரு அண்ணி அப்படித்தான் எழுதியிருக்கிறாள், நாலு தடவை படித்துவிட்டேன், கடிதத்தை மடித்து இடுப்புக் கச்சையில் செருகிய பிறகும் அந்த வரி கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. அண்ணன் போய்விட்டான். ரியோசுகே, சீனாவில், ஷான்துங் பக்கம் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவன்... பட்டறை மணி அடித்தாயிற்று, சாணைச் சக்கரம் சுற்றுகிறது, முன்னால் துப்பாக்கிகள் அடுக்கியிருக்கின்றன, எல்லாம் நம் ஜப்பான் ராணுவம் கழித்துப் போட்டவை, தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்கிற சீனத்துத் தளபதிகளுக்குக் கப்பலேறப் போகிறவை, ஒருத்தனுக்கும் அவன் எதிரிக்கும் சேர்த்தே. ஏற்றுமுன் ஒவ்வொன்றின் மேலும் இருக்கிற பதினாறு இதழ்ச் சாமந்தியைத் தேய்த்து எடுக்க வேண்டும், மன்னரின் முத்திரை அந்நியன் கைக்குப் போகக்கூடாதாம். அதற்குத்தான் நான். ஆனால் மன்னரின் பூவில் சக்கரத்தை வைக்கும்போது எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? தலை குனிந்து கும்பிட்டு, முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் தேய்ப்பேன், வலது ஓரம் தப்பிவிடும். மேஸ்திரி இவாமோதோகூடக் கிண்டல் செய்வார், "ஏம்மா தொமெ, மூணு இதழ் மிச்சம் இருந்தா அது உன் கைவேலைதான். போகட்டும் விடு, சீனாக்காரன் எண்ணியா பாக்கப் போறான்?" நானும் சிரித்தேனே, பாவி, சிரித்தேனே!

சீனாக்காரன் எண்ணவில்லை. அண்ணன் எண்ணினான். ஊருக்குள் துருப்புகள் நுழைந்தன, யாருடையவை என்று ஒருவருக்கும் தெரியாது, கதவைத் திறக்காதே என்று அண்ணி அழுதிருக்கிறாள். அவன் ஜன்னல் இடுக்கில் பார்த்தான், வெளியே ஒரு துப்பாக்கி பாதி மறைந்து சாய்ந்திருந்தது, அதே ரகத் துப்பாக்கியை மூன்று வருஷம் ராணுவத்தில் துடைத்தவனாயிற்றே, பூ எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? "பயப்படாத ஹாரு, பூ தெரியுது பாரு, வலது ஓரத்துல மூணு இதழ். நம்ம பையங்கதான்," என்று தாழ்ப்பாளை எடுத்தான்... திறந்த கையோடு சுட்டுவிட்டார்கள்.

"தொமெ, என்னம்மா பிரமை பிடிச்சாப்ல நிக்கிற? சாயங்காலம் கப்பல் கிளம்புது!" கேட்கிறது மேஸ்திரி, கேட்கிறது. வேறு யாராவது அப்படித் தேய்த்திருக்கலாம், இல்லையா? பக்கத்து மேசைக்காரியா? இல்லை, அவள் பூவையே முறைத்துக்கொண்டு மழமழவென்று வழித்துவிடுகிறவள். அப்படியானால் நான்தான். ஐயோ, நானேதான். இன்றைக்குப் பார்த்தே தேய்ப்பேன், ஒரு இதழ் விடமாட்டேன், மன்னர் மன்னிக்காவிட்டால் போகிறார்... துப்பாக்கியை எடுத்தேன், சக்கரம் கீச்சிட்டது, பொறி பறந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன், வலது ஓரத்தில் மூன்று இதழ். நான் எப்போது முகத்தைத் திருப்பினேன்?