நிழல் எங்கிருந்து விழுந்தது

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் நெருங்கி உட்காருங்கள். ஒரு நிழலின் கதை சொல்கிறேன். பாதியில் மனசு கனத்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மின்கம்பி எட்டாத ஒரு மேட்டுத் தெருவில் சோலார்க்காரி என்றொருத்தி இருந்தாள். பெரிய சூரிய மின்நிலையத்தில் பேனல் துடைப்பது அவள் வேலை. கல்குவாரித் தூசியில் நுரையீரல் கெட்டுப்போன அவள் புருஷன், வீட்டில் ஆக்சிஜன் மெஷினோடு கிடந்தான். கூரைமேல் இருந்த நான்கு பேனல்தான் அவனுக்கு மூச்சு. பொழுது சாய்வதற்குள் பேட்டரி நிரம்பினால் விடியும்வரை மெஷின் ஓடும்.

ஒரு மாதமாகப் பேட்டரி சரியாக நிரம்பவில்லை.

"தொடச்சியா, இல்ல சும்மா தடவிட்டு வந்தியா?" என்றான் அவன்.

"மூச்சுக்குத்தான் பஞ்சம், வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல."

பேனலின் ஒரு மூலையில் நிழல் பட்டாலும் வரிசை முழுக்க மின்சாரம் படுத்துவிடும். அதனால் துடைப்பவர்கள் முதலில் தேடுவது நிழலைத்தான். பக்கத்து வீட்டுத் தையற்காரியின் மரம் சாயங்காலத்தில் கூரை ஓரத்தைத் தொட்டது. கெஞ்சினாள், சண்டை போட்டாள், கடைசியில் தையற்காரி வெளியே போன நேரம் பார்த்து வெட்டியே விட்டாள்.

மறுநாள் பேட்டரி மீட்டர் இன்னும் இறங்கியது.

"என் மரத்தச் சாச்சியே, இப்ப வெளிச்சம் பொத்துக்கிட்டு ஊத்துதாடி?" தையற்காரி வாசலில் நின்று கத்தினாள்.

சோலார்க்காரி மின்நிலையத்திலிருந்து கொண்டுவந்த வெல்டிங் கண்ணாடியைக் கண்ணில் வைத்து, முதன்முறையாகச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் ஓரத்தில் பேனல் போலவே கறுப்புக் கட்டங்கள், வரிசை வரிசையாக. வரிசைகளுக்கு நடுவே சந்து விட்டிருந்தது. துடைக்க ஆள் போய்வருவதற்காக விடுகிற சந்து.

கண்ணாடியை வாங்கிப் பார்த்த தையற்காரியின் குரல் இறங்கிவிட்டது. "எவன்டி அது?"

"தெரியலக்கா. எங்க பொழப்பத்தான் பாக்கறான். வெயில அறுத்துக்கிட்டுப் போறான்."

"நாம இங்க இருக்கறது அவனுக்குத் தெரியாதா?"

"உங்க மரத்துல கூடு இருந்துச்சான்னு நான் பாத்தேனாக்கா?"

தையற்காரி தன் வீட்டுக்குப் போனாள். தன் தையல் மோட்டாரை ஓட்டிய ஒற்றைப் பேனலைக் கழற்றித் தானே தூக்கிவந்து இவள் கூரையில் சாத்தினாள்.

பன்னிரண்டு நாள் பேட்டரி நிரம்பியது. பதின்மூன்றாம் நாள் கட்டங்கள் சூரியனின் நடுவைத் தாண்டின. உச்சிப் பொழுதே மங்கிக் கிடந்தது. உள்ளே மெஷின் சீட்டியடித்து நின்றது. சோலார்க்காரி கூரைமேல் ஐந்து பேனலையும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எறங்கி வாம்மா," என்று கீழிருந்து கூப்பிட்டாள் தையற்காரி. "போதும்."

உங்கள் வீட்டுக் கூரைமேல் வெயில் குறையாமல் விழட்டும், கண்ணுகளா. உள்ளே இருக்கிறவர்களின் மூச்சு நீளட்டும்.