பிழிந்த எலுமிச்சை மூடி

என் ஓரகத்தியின் கன்னத்தில் பரு ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்த வாரத்தில்தான் என் கன்னத்தில் ஒவ்வொன்றாக முளைக்க ஆரம்பித்தது. அவளுக்கு ஒன்று போனால் எனக்கு இரண்டு வந்தது. கண்ணாடி முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்னைத்தான் திட்டிக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய்.

மற்றவர்களுக்குப் பரு வந்தால் ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் பியூட்டி பார்லரில் ஃபேஷியல் செய்கிறவள். பதினோரு வருஷமாக அந்தக் கடையின் ஃபேஷியல் அறை என் ராஜ்ஜியம். சின்னவள் அதே கடையில் முடி வெட்டுகிறாள். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவளை, வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று கடை முதலாளி மேடத்திடம் சொல்லிச் சேர்த்துவிட்டதே நான்தான். ஒரே வீடு, ஒரே அடுப்படி, ஒரே கடை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

டயட்டையும் சேர்ந்துதான் ஆரம்பித்தோம். ராத்திரி சோறு கிடையாது, எண்ணெயில் பொரித்தது கிடையாது, பழம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். இரண்டு பேருக்கும் ஒரே கூடைப் பழம். சின்னவள் மதியம் இரண்டு கைப்பிடி சோறு, காய், ஒரு முட்டை என்று சாப்பிட்டுவிட்டு, அப்புறம் ஒரு கொய்யாவையோ ஆரஞ்சையோ சக்கையோடு மென்று தின்பாள். ஆடு அசைபோடுவது மாதிரி அரைமணி நேரம் ஆகும். எனக்கு அந்தப் பொறுமை ஏது? அவளுக்கு முன்னால் நான் இளைத்தாக வேண்டும். சோற்றை அடியோடு நிறுத்தினேன். திராட்சை, மாம்பழம், வாழைப்பழம் என்று மூன்று வேளையும் ஜூஸ்தான். திராட்சையை வடிகட்டிக் குடிப்பேன், மற்றதில் பால் ஊற்றி ருசிக்குத் தேன் விடுவேன். பழம்தானே, அது யாருக்கு என்ன கெடுதல் செய்துவிடும் என்று நினைத்தேன்.

எடை இறங்கியது. முகம்தான் கைவிட்டுவிட்டது. தாடை ஓரமெல்லாம் பரு, உதட்டைச் சுற்றித் தோல் வறண்டு செதில் செதிலாக உரிந்தது. சின்னவள் முகமோ நாளுக்கு நாள் தெளிந்தது. முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் கண்ணாடியில் தங்கள் முகத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"உங்க தங்கச்சியா அது? முகம் என்னமா மினுக்குது! நீங்க செஞ்சுவிட்டதா?" என்று என்னிடமே கேட்டார்கள்.

வயிறு எரிந்தது. "ஆமா, நான்தான்" என்று சொல்லிவைத்தேன். அந்தப் பெருமையாவது எனக்குக் கிடைக்கட்டுமே.

மூன்றாவது வாரம், எட்டு வருஷமாக என் கையைத் தவிர வேறு கை படவிடாத பேங்க் அம்மா கட்டிலில் படுத்தவர், என் முகத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "தப்பா நினைக்காதம்மா. இது ஒட்டிக்கிற வியாதி ஒண்ணும் இல்லையே?" என்றார். இல்லை என்றேன். "அப்ப சரி, இன்னிக்குப் புருவம் மட்டும் போதும்" என்றார்.

அன்று சாயங்காலம் மேடம் என்னைக் கூப்பிட்டார். "உன் கையைப் பத்தி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா வர்றவங்க உன் முகத்தைத்தானே முதல்ல பாக்கறாங்க? பதினஞ்சு நாள் பாக்கலாம். சரியாகலேன்னா நீ கால் பக்கம் போயிடு. ஃபேஷியலைச் சின்னவளுக்குச் சொல்லிக் குடுத்துடலாம்."

கால் பக்கம் என்பது கடைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறை. குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, வெந்நீர்த் தொட்டியில் ஊறின வெடிப்புப் பாதங்களைத் தேய்க்க வேண்டும். காலைக் கொடுத்தவள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நம்மைப் பார்க்கமாட்டாள். பதினோரு வருஷம் உழைத்துவிட்டு முகத்திலிருந்து காலுக்கு இறங்க வேண்டும். என் இடத்தில் அவள் ஏறி உட்கார்வாள்.

புருவம் திருத்த வரும் தோல் டாக்டரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் என் ஜூஸ் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பழத்தை யாரு குத்தம் சொன்னா? சக்கையைத் தூக்கி எறிஞ்சுட்டு வடிச்சுக் குடிச்சா அது சர்க்கரைத் தண்ணி மாதிரிதான். அதுமேல பாலு, தேனு வேற. சில பேருக்கு அதுல பரு கூடும். பட்டினி கிடந்தா தோலும் காஞ்சு போகும். அளவாச் சோறு சாப்பிடுங்க, பழத்தைக் கடிச்சுத் தின்னுங்க, போதும்."

"பதினஞ்சு நாள்ல சரியாயிடுமா டாக்டர்?"

"ரெண்டு மாசமாவது விடுங்க."

சின்னவள் செய்வதைத்தான் அவர் வரி பிசகாமல் சொன்னார். அவள் ஒரு புத்தகமும் படிக்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. பசித்தது, சாப்பிட்டாள், மென்றாள், அவ்வளவுதான். எதுவுமே அவளுக்குத் தானாக அமைந்துவிடுகிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மேடம் வைத்த கெடுவில் ஒன்பதாவது நாள் கடைக்கு விடுமுறை. பகல் பதினொரு மணிக்கு நான் அடுப்படி மேஜையில் உட்கார்ந்து, வேண்டாவெறுப்பாக ஒரு கொய்யாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். சின்னவள் எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தண்ணீரில் பிழிந்து குடித்தாள். பிழிந்த மூடியை எறியப் போனவள், என்ன தோன்றியதோ, அதைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். இரண்டு கன்னத்திலும் தேய்த்தாள். நெற்றியிலும் ஒரு இழுப்பு. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்த்தேன். மூடியைப் போட்டுவிட்டு, தினமும் நடக்கிற நாற்பது சுற்று நடக்க மொட்டைமாடிக்குப் போனாள்.

எலுமிச்சை பட்ட தோலை வெயிலில் காட்டக் கூடாது. எங்கள் வேலையில் முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம் இது. எல்லாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் ஆகிவிட்டால் கொப்புளம் வந்து கறுத்துவிடும். முடி வெட்டுகிறவளுக்கு இது தெரிய வழியில்லை. எனக்குத் தெரியும்.

ஏய், முகத்தைக் கழுவிட்டுப் போ. நாலே வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. கொய்யாவை இன்னொரு கடி கடித்து அதை உள்ளே தள்ளினேன்.

தலைக்கு மேலே அவள் நடக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போவாள், திரும்பி வருவாள். ஒவ்வொரு சுற்றுக்கும் நான் எழுந்து போயிருக்கலாம். பத்தாவது சுற்றில் நாற்காலியை விட்டு எழுந்தேன்கூட. எழுந்து தட்டைக் கழுவிவைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன்.

இரண்டாம் நாள் காலையில் அவள் கன்னம் சிவந்து எரிந்தது. அதற்கு மறுநாள் கொப்புளம். அப்புறம் மூடி போன வழியெல்லாம் பழுப்புக் கோடு விழுந்தது. கொழுந்தன் பதறிப்போய்த் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினான். ஆறிவிடும், கறை போக மாசக்கணக்காகும் என்றாராம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்? அன்றைக்கு வயிறு நிறையச் சோறு சாப்பிட்டேன்.

பதினைந்தாவது நாள் மேடம் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்தார். என் முகம் பாதி அடங்கியிருந்தது. அவர் பெருமூச்சு விட்டார்.

"ஃபேஷியலை நீயே பாத்துக்க. முதல்ல இவ முகத்துக்கு ஈரத்துணி போட்டு விடு. பாக்கவே பாவமா இருக்கு."

அறைக் கதவைச் சாத்தினேன். சின்னவள் என் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மெல்லிய துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அந்தக் கோடுகளின் மேல் அழுத்தாமல் வைத்தேன்.

"அக்கா, எலுமிச்சையைத் தேய்ச்சுட்டு வெயில்ல போனா இப்படி ஆகும்னு டாக்டர் சொன்னாங்க."

"ம்."

"தேய்க்கும்போதே எனக்குக் கொஞ்சம் பயம்தான். அதான் உங்களைத் திரும்பிப் பாத்தேன். நீங்க பாத்துட்டு ஒண்ணும் சொல்லலை. ஆகாததுன்னா அக்கா விட்டுடுவாங்களா, சத்தம் போட்டிருப்பாங்கன்னு நினைச்சுட்டுத்தான் மாடிக்குப் போனேன். பாவம், உங்களுக்கும் தெரியலை போல."

குத்திக்காட்டுகிறாளா என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டுச் சும்மா படுத்திருந்தாள்.

"துணி சூடாயிடுச்சு அக்கா, மாத்தறீங்களா?" என்றாள்.

மாற்றினேன். பழையபடி அந்த அறை என்னுடையதுதான். கொஞ்ச நேரத்தில் அவள் தூங்கிப்போனாள். என்னை நம்பி, என் கைக்குக் கீழே, நிம்மதியாக. அந்தத் தூக்கத்தைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.