கேள்வி ஒன்பதுக்கு ஓர் இணைப்பு

எந்த நாடு எந்த நாட்டின்மீது குண்டு போடுவதாக இருந்தாலும், முதலில் அந்தப் பல் லேப் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காததால்தான் உலகம் இப்படிக் குட்டிச்சுவராகப் போய்விட்டது என்று அவர் நம்பினார். இணையத்தில் 'உலக மேடை' என்றொரு விவாதத் தளம். காலையில் பல் தேய்க்குமுன் அதில் நுழைந்தால், இடையில் சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் மட்டும் தலை காட்டுவார். அங்கே அவருடைய பெயர் 'நடுநிலை'. அவரே வைத்துக்கொண்டது. பின்னே, வேறு யார் வைப்பார்கள்?

தொழில் என்னவோ பல் போனவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பதுதான். பல் டாக்டர்கள் நோயாளியின் ஈறை அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சின்மேல் மெழுகு வைத்து, மெழுகில் பல்லைப் பல்லாக நட்டு, பிறகு மெழுகு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வார்த்து, மெருகேற்றி அனுப்ப வேண்டும். இரண்டே அறை. முன்னறையில் போனும் பார்சலும் அவருடைய மனைவியின் பொறுப்பு. டாக்டர்களும் கம்பவுண்டர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். பின்னறையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து பல் நடுகிறவளுக்கு 'மெழுகு' என்று பட்டப்பெயர். பதினொரு வருஷமாக அந்த நாற்காலிதான். முதலாளிக்கு மிச்சமிருந்தது மெருகு போடும் மெஷின் மட்டும். அதிலும் போன மாதம் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டே ஒரு செட்டைச் சூடேற்றிக் கோணலாக்கிவிட்டார். ஒரு கிழவர் இரண்டு நாள் கஞ்சி குடித்தார். எந்த நாட்டு எண்ணெய்க் கப்பல் எந்தக் கால்வாயில் நிற்கிறது என்பது மட்டும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டினானாம்!

மெழுகு அக்கரைக்காரி. நாட்டின் எல்லையில் ஓடுகிற ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அங்கே சண்டை வந்த வருஷத்தில் வந்தவள். அப்படி வந்தவர்களை என்ன செய்வது என்பதுதான் உலக மேடையில் வற்றாத தலைப்பு. 'எரிமலை' என்று ஒருவன் எல்லாரையும் ஆற்றில் தள்ளச் சொல்வான். 'பூகோளம்' என்று ஒருவர் புள்ளிவிவரம் போடுவார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். நம்மவர் யாரையும் தள்ளச் சொல்ல மாட்டார், நடுநிலை அல்லவா? "தனிப்பட்ட முறையில் எனக்கு அவர்கள்மீது வெறுப்பில்லை" என்று தொடங்குவார். அதற்கப்புறம் வருகிற மூன்று பக்கத்துக்கு எரிமலையே தேவலை.

இந்தத் தடவை மெழுகின் வேலை அனுமதி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் குடியேற்ற அலுவலகத்தில் முதலாளி கையெழுத்திட்ட படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அவளும் பள்ளிக்கூடம் போகிற அவள் மகளும் சனிக்கிழமை காலை ஆற்றைத் தாண்ட வேண்டியதுதான். படிவத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, எல்லாம் 'ஆம்', 'இல்லை' கட்டங்கள். ஒன்பதாவது கேள்வி இது: 'இந்த வேலையை இதே தரத்தில் செய்யக்கூடிய உள்நாட்டவர் எவரும் கிடைக்கவில்லை என்று உறுதியளிக்கிறீர்களா?'

முன்பெல்லாம் அக்கா படிவத்தை நீட்டுவாள், அவர் பாராமலே கையெழுத்துப் போடுவார். இந்த வருஷம் பார்த்துத் தொலைத்தார்.

பார்த்ததற்குக் காரணம் இருந்தது. போன வாரம்தான் உலக மேடையில், "உள்நாட்டானால் முடியாத வேலை என்று ஒன்று கிடையாது" என்று முழங்கியிருந்தார். எரிமலை, "சும்மா வாயடிக்காதீர், காட்டும்" என்றான். உடனே இவர் பின்னறைக்குப் போய், வார்த்து முடித்திருந்த ஒரு செட்டைக் கறுப்புத் துணிமேல் வைத்துப் படம் எடுத்துப் போட்டார். "நம் மண்ணின் கைவண்ணம்" என்று கீழே ஒரு வரி. கீழ் வரிசையில் ஒரு பல் மட்டும் துளி திரும்பியிருக்கும். வரிசை பிசகாமல் இருந்தால் பொய்ப்பல் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும் என்பதற்காக மெழுகு வேண்டுமென்றே அப்படித்தான் நடுவாள். அந்தப் பல்லைத்தான் எல்லாரும் புகழ்ந்தார்கள். "அடடா, நம்மவன் கை நம்மவன் கைதான்!" என்று எழுதினான் எரிமலை. இருநூற்றுச் சொச்சம் பேர் கை தட்டினார்கள். மனிதர் அன்றைக்கு ராத்திரி இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்படிப்பட்டவர் ஒன்பதாவது கேள்விக்கு 'ஆம்' என்று எப்படிப் போடுவார்?

"ஒரு டிக்தானே? போட்டுக் குடுங்களேன்" என்றாள் அக்கா.

"உனக்குப் புரியாது. இது கொள்கை."

"அவளை விட்டா பல் நட இங்க யாரு இருக்கா? நீங்க நடுவீங்களா?"

"தேடினா கிடைப்பாங்க."

"பதினோரு வருஷத்துல ஒருநாளாவது தேடினீங்களா?"

"அது வேற விஷயம். பொதுவா ஒரு கருத்து இருக்கில்ல?"

அக்காவுக்கு வாய்வரை வந்தது. புருஷனைத் திட்டினால் இன்னும் முறுக்கிக்கொள்வார். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற ஜாதி. அதனால் விழுங்கிக்கொண்டு, "அவ பொண்ணை நினைச்சாவது போடுங்க" என்று மட்டும் சொன்னாள். புதன்கிழமை முழுக்க அவர் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ எழுதினார். வியாழக்கிழமை காலை, ஒட்டிய உறையை அக்காவிடம் கொடுத்து, "போட்டாச்சு, போ" என்றார். உறை கனமாக இருந்தது. லைசென்ஸ் நகல் வைத்திருப்பார் என்று நினைத்தாள். பிரித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அதற்காக அப்புறம் தன்னையே ஆயிரம் தடவை வைதுகொண்டாள்.

குடியேற்ற அலுவலகத்தில் நீளப் பெஞ்சுகளில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். எல்லார் மடியிலும் உறைகள். ஏழாம் கவுண்டரில் இருந்த அதிகாரி அம்மாள் உறையைக் கிழித்து, படிவத்தை மேலிருந்து கீழே பேனாவால் தடவிக்கொண்டே வந்து, ஒன்பதில் நின்றாள்.

"இதென்ன, ஆமும் இல்ல, இல்லையும் இல்ல. 'இணைப்பு காண்க'ன்னு போட்டிருக்கு?"

"இணைப்பா?" என்றாள் அக்கா.

நான்கு தாள்கள், பொடி எழுத்தில், இரண்டு பக்கமும். அதிகாரி பெருமூச்சு விட்டாள். "முதலாளி எதையாவது இணைச்சா, அதை விண்ணப்பதாரருக்குப் படிச்சுக் காட்டி, சம்மதமான்னு கேக்கணும். அது ரூல். கேட்டுக்கம்மா" என்று மெழுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஆளைக் கூப்பிடுகிற மைக்கை அணைக்காமலே படிக்கத் தொடங்கினாள்.

"கேள்வி ஒன்பது குறித்து எனது கொள்கை விளக்கம். ஒன்று. தனிப்பட்ட முறையில் எனக்கு இவர்கள்மீது வெறுப்பில்லை. இரண்டு. மேற்படி பெண் ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கை வைத்து ஓர் இனத்தை எடைபோட முடியாது. மூன்று. உள்நாட்டவரால் இந்த வேலையை இதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியும். எனினும் மனிதாபிமானம் கருதி இவரை வைத்திருக்கிறேன். நான்கு. அக்கரைக்காரர்கள் பொதுவாகவே கைசுத்தம் இல்லாதவர்கள் என்பது உலகறிந்த..."

பெஞ்சுகளில் பேச்சு நின்றுபோயிருந்தது. அங்கே பாதிப் பேர் அக்கரைக்காரர்கள். அக்கா தரையைப் பார்த்தாள். அவமானத்தில் காது எரிந்தது. இந்த மனுஷனுக்கா இத்தனை வருஷம் வடித்துக் கொட்டினோம் என்று இருந்தது.

"போதும்மா" என்றாள் மெழுகு.

"இன்னும் மூணு தாள் இருக்கு."

"சம்மதம் இல்லைன்னு எழுதிக்கோங்க."

அவள் பையைத் திறந்து ஒரு வளையத்தை எடுத்தாள். லேப் முன்கதவு, பின்கதவு, அலமாரி, தங்கப்பல் பெட்டி என்று நான்கு சாவிகள். பதினொரு வருஷமாகக் காலையில் திறப்பதும் மாலையில் பூட்டுவதும் அவள்தான்.

"இந்தாங்க அக்கா. கைசுத்தம் இல்லாதவகிட்ட இதெல்லாம் எதுக்கு? பெட்டியை ஒருதரம் எண்ணிப் பாத்துக்கோங்க."

"என்னைக் கொல்லாதடி" என்றாள் அக்கா. வேறு என்ன சொல்வாள்?

அதிகாரி படிவத்தின்மேல் 'நிராகரிப்பு' என்று முத்திரை குத்தினாள். மணி பதினொன்று இருபது. வேறு முதலாளி யாராவது ஒரு மணிக்குள் நேரில் வந்து புதுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். அக்கா முதலில் புருஷனுக்குத்தான் போன் போட்டாள். ஓடி வந்து அந்த ஒரு டிக்கைப் போட்டுத் தொலையட்டும் என்று. அடித்தது, துண்டித்தார். மறுபடி அடித்தாள், மறுபடி துண்டித்தார். மூன்றாம் தடவை ஒரு செய்தி வந்தது: "விவாதத்தில் இருக்கிறேன். முக்கியம்."

அக்கா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். "டாக்டரைக் கூப்பிடு" என்றாள் மெழுகிடம்.

பெரிய கிளினிக் வைத்திருக்கிற பல் டாக்டர் ஒருவர் நாலு வருஷமாக மெழுகைத் தன்னிடம் வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள்தான், அக்காவை விட்டு வர மாட்டேன் என்று தட்டிக்கொண்டே வந்தாள். டாக்டர் ஒன்றும் மகான் இல்லை; வேலை தெரிந்தவள் கிடைத்தால் அவருக்கும் ஆதாயம்தான். ஆனால் ஆள் பன்னிரண்டரைக்கு முத்திரையும் கையுமாக வந்து நின்றார். ஒன்பதாவது கேள்வியைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? இவங்க மாதிரி பல் நட இந்த ஊர்ல யாரு இருக்கா?" என்று 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டார். பன்னிரண்டு ஐம்பதுக்கு வேலை முடிந்தது.

வெளியே படிக்கட்டில் மெழுகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்காகத்தான் அக்கா இவ்வளவு நாள் இருந்தேன்."

"தெரியும்டி. போ. நல்லா இரு."

அக்கா லேப்புக்குத் திரும்பியபோது அவர் மெழுகின் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் சிக்னல் நன்றாகக் கிடைக்குமாம். பக்கத்து மேஜையில் காலையில் வந்த ஆறு அச்சுகள் பிரிக்காமல் கிடந்தன.

"குடுத்தாச்சா?" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"குடுத்தாச்சு."

"இணைப்பைப் பாத்தாங்களா?"

"பாக்காம என்ன? மைக்ல படிச்சாங்க. அறுபது பேர் கேட்டாங்க."

அவர் நிமிர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது, பாவி மனுஷனுக்கு. "மைக்லயா! முழுசுமா?"

"நாலாவது பாயின்ட் வரைக்கும். அதுக்கு மேல அவ கேக்க மாட்டேன்னுட்டா." அக்கா சாவிக் கொத்தை மேஜைமேல் போட்டாள். "உங்க படிவம் செல்லாதுன்னு முத்திரை குத்திட்டாங்க. டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டாரு. நாளையிலேருந்து அவ அங்கதான் வேலை. இனிமே இங்க வர மாட்டா."

அவர் சாவியைப் பார்த்தார். அச்சுகளைப் பார்த்தார். அக்காவுக்கு ஒரு கணம் ஆசை வந்தது. இப்போதாவது இந்த மனுஷனுக்குச் சுருக்கென்று தைத்துவிடாதா என்று.

"பாத்தியா?" என்றார் அவர். "பதினோரு வருஷம் சோறு போட்டிருக்கேன், ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டா பாத்தியா? நன்றி கெட்டவங்கன்னு அஞ்சாவது பாயின்ட்லயே எழுதியிருந்தேன். அதுக்குள்ள நிறுத்திட்டாங்களே!"

சொல்லிக்கொண்டே விரல்கள் போனில் ஓடத் தொடங்கிவிட்டன. கைவசம் நேரடி அனுபவம், அன்றைக்கே நடந்தது. எரிமலைக்குக்கூட இப்படி ஒன்று வாய்த்ததில்லை.

அக்கா ஆறு அச்சுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, அவர் முன்னால் வரிசையாக வைத்தாள். மெழுகுக் கட்டியையும், பல் டப்பாவையும், சின்னக் கத்தியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆறும் வேணுமாம். உள்நாட்டுக் கைதானே? நட்டுக் குடுங்க."

அவர் நிமிரவே இல்லை.

"அஞ்சு நிமிஷம் இரு" என்றார். "இதை முதல்ல போட்டுடறேன்."