புற்றின் மேல் குவித்த கல்

ஆடிப் பதினெட்டு மாலைக்குள் பென்னாகரத்துக் காட்டுச் சாலையை முடித்தால் ஜில்லா போர்டு முந்நூறு ரூபாய் இனாம் தரும். தவறினால் நாளுக்குப் பதினைந்து ரூபாய் அபராதம். இதற்குக் கையெழுத்துப் போட்ட காண்ட்ராக்டர் அப்துல் ஷுக்கூர், இனாம் வந்தால் ஆளுக்கு மூன்று ரூபாய் என்று கல்லுடைக்கிறவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அவர்களுக்குத் தலைவியான நஞ்சம்மாள், கட்டாத வீட்டுக்கு அந்த மூன்று ரூபாயில் மனசுக்குள்ளேயே கூரை வேய்ந்துவிட்டாள்.

பதினெட்டாம் நாள் உச்சிப்பொழுதில் கடைசி ஜல்லிக் குவியலை வாரினார்கள். பாதி வாரியதுமே உள்ளேயிருந்து பாம்புப் புற்று எட்டிப் பார்த்தது. அம்மன் குடியிருக்கும் இடத்தில் கடப்பாரை போட யாருக்குத் துணிச்சல் வரும்? முன்பு குவியல் போட்ட நாளில் சூடம் கொளுத்திக் கும்பிட்டு, புற்றைத் தொடாமல் சுற்றிலும் கல்லைக் கொட்டச் சொன்னவளே நஞ்சம்மாள்தான். கொட்டக் கொட்டப் புற்று மூடிப்போனது. ஜில்லா போர்டு ஓவர்சியரின் அளவு நாடா அதையும் ஜல்லியாகவே அளந்துவிட்டுப் போனது. இப்போது ஜல்லி போதாமல் சாலையில் இருபதடி வெறும் மண்ணாகக் கிடந்தது.

ஷுக்கூருக்கு வியர்த்துக் கொட்டியது. "இருக்கறத மெலிசாப் பரப்பி, மேல மண்ணத் தூவி உருளைய உருட்டுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

"மொத மழைக்கே பல்லிளிச்சுடுங்க சாயபு. கவுறப்போறது எங்கூரு வண்டிங்கதான்." நஞ்சம்மாளுக்குத் தன் மேலேயே ஆத்திரம். கூடையைக் கீழே போட்டாள். "எங்கூட்டுக் கல்லு கெடக்குது. வண்டியக் கட்டச் சொல்லுங்க."

புருஷன் காளியன் பதறினான். "அடியே, கடைக்காலுக்குன்னு ரெண்டு வருசமாச் சேத்த கல்லு!"

"மலையில கல்லு இன்னம் இருக்குது. பொழுதுதான் இல்ல. சுத்தியல எடு."

வீட்டு மனை கூப்பிடு தூரம்தான். மூன்று நடை வண்டி அடித்தார்கள். அஸ்திவாரத்துக்குப் போக வேண்டிய கற்களை அத்தனை பேரும் உட்கார்ந்து நொறுக்கினார்கள். நஞ்சம்மாள் கை கொப்புளம் உடைந்தும் நிமிரவில்லை. வெயில் சாய்வதற்குள் உருளை ஓடி முடிந்தது. ஓவர்சியர் வந்து இரண்டு இடத்தில் தோண்டி, கனம் பார்த்து, கையெழுத்துப் போட்டார்.

ஷுக்கூருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "ஒன் கல்லுக்கு என்ன வெல, சொல்லும்மா. இனாம் வந்ததும் மொதல்ல அதத்தான் குடுப்பேன்."

"காசு வேண்டாங்க. கல்லாவே குடுங்க. மூணு வண்டி, எங்க மனையில கொட்டிடணும்." நஞ்சம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ஆனா எடத்த நான்தான் காட்டுவேன். புத்து இல்லாத எடமாப் பாத்து."